ஓடைக்கரை மரத்து ஃப்ருலேனியா

திருப்பூரில் யாராவது என்ன படித்தீர்கள் என்று கேட்டால் தாவரவியல் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேலும் கேட்பவர்களிடம் லிவர்வோர்ட் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். "ஈரலுக்கு மருந்துங்களா?" என்பார்கள். மஞ்சள்காமாலை வந்த மச்சானுக்கு வேண்டும் என்று ஒருவர் வீடு தேடியே வந்துவிட்டார். கீழாநெல்லி எங்கே கிடைக்கும் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

அது மருந்தல்ல. தமிழில் ஈரல்பாசி என்று எழுதுகிறோம், பாசியும் அல்ல. பூ இல்லை, விதை இல்லை, வேர் என்று சொல்லத்தக்கதும் இல்லை. மரப்பட்டையிலும் ஈரப் பாறையிலும் ஒட்டிக்கொண்டு உடம்பு முழுவதாலும் தண்ணீர் குடிக்கிற சிறு செடி. நம் மேற்கு மலைகளில் அதில் எத்தனையோ வகை உண்டு. கைக்குட்டை அளவு பட்டையில் நாலைந்து வகை பின்னிக் கிடக்கும். அதில் எது எது என்று பிரித்துப் பெயர் சொல்வதுதான் ஓய்வு பெறும்வரை என் வேலை.

இதை எழுதச் சொன்னவள் நிவேதா. வடக்கே ஓர் ஆய்வகத்தில் தாவரங்களின் டி.என்.ஏ.வைப் படிக்கிற பெண், பல்லடத்துக்காரி. "ஞானசிகாமணி சாரைப் பத்தி எங்க செட்டுல யாருக்குமே தெரியாது மேடம். நீங்க எழுதுங்க. படிக்கிறவங்களுக்கு ஒரு உற்சாகமா இருக்கும்" என்றாள். உற்சாகம் என்னிடம் இல்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மடத்துக்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். தம்பி படிப்பைப் பாதியில் விட்டு வீரபாண்டியில் பனியன் கம்பெனி போட்டான். நான் கோயமுத்தூரில் எம்.எஸ்ஸி. முடித்தேன். "செடியப் படிக்கறதுக்கு எதுக்கம்மிணி காலேஜு, நம்ம தோட்டத்துல இல்லாத செடியா?" என்று அப்பா கேட்டார். அதற்குள் அவிநாசிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்துவிட்டது. அங்கே துறைத் தலைவராக இருந்தவர்தான் ஞானசிகாமணி சார். என் முனைவர் பட்டத்துக்கும் அவரே வழிகாட்டி.

சார் சேவூர்க்காரர். பல தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். கொஞ்சம் பூமியும் உண்டு. யாரிடமும் 'ங்க' இல்லாமல் பேசமாட்டார். முதலாமாண்டுப் பையனிடமும் "ஏனுங்க தம்பி, கண்ணாடிய இப்படிப் புடிச்சா லென்ஸு ஒடைஞ்சிருமுங்க" என்பார். என்னை மட்டும் அம்மிணி என்பார். அதற்கும் ஒரு 'ங்க' தொடரும். திட்டுவதென்றால் மௌனமாகிவிடுவார். ஒரு செடியைக் காட்டி இது இன்னதுதானே என்று கேட்டால் ஆமாம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வராது. "இருக்கலாமுங்க" என்பார். பலமுறை சரிபார்த்து, இனிப் பார்க்க எதுவும் மிச்சமில்லை என்றானபிறகு, "இருக்குமுங்க" என்பார். அந்த 'லா' போவதற்கு எனக்குச் சில சமயம் ஒரு பருவமே ஆகிவிடும்.

அவருடைய முறை இது. மலையிலிருந்து கொண்டுவந்த செடியை முதலில் ஈரம் காயாமல் மைக்ராஸ்கோப்பில் பார்க்கவேண்டும். ஈரல்பாசியின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் எண்ணெய்த் துளிகள் இருக்கும். சிலவற்றில் திராட்சைக் குலை மாதிரி, சிலவற்றில் பளபளவென்று ஒற்றை உருண்டையாக. செடி காய்ந்தால் அவை கரைந்து போய்விடும். அப்புறம் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் திரும்பாது. அதனால் மலையிலிருந்து பஸ் இறங்கியதும் சாப்பிடக்கூடப் போகாமல் நேரே லேபுக்குத்தான் வருவோம். பிறகு இலை எப்படி அடுக்கியிருக்கிறது, அடியில் மூன்றாவது வரிசை இலை உண்டா, இலையின் கீழ்மடல் என்ன வடிவம் என்று பார்த்து வரைவோம். இது உருவம்.

அடுத்தது வேதியியல். செடியைச் சுத்தம் செய்து, காயவைத்து, அரைத்து, ஈதரில் ஊறப்போட்டுச் சாறு எடுப்போம். சிலிக்கா பூசிய கண்ணாடித் தகட்டின் அடியில் அந்தச் சாற்றால் பொட்டு வைத்து, தகட்டைக் கரைப்பானில் நிறுத்தினால் சாற்றிலுள்ள பொருள்கள் ஒவ்வொன்றும் தன் உயரத்துக்கு ஏறி நின்றுகொள்ளும். வெனிலின் கலந்த அமிலத்தைத் தெளித்துச் சூடுகாட்டினால் அறை முழுக்க ஐஸ்கிரீம் வாசனை வரும். தகட்டில் ஊதா, நீலம், செங்கல் நிறப் புள்ளிகள் எழும்பும். எங்கள் ஊர்த் தண்ணீரில் கழுவினால் தகட்டில் உப்பு பூத்துவிடும் என்பதால் மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்திருந்தோம்.

"உருவம் ஒண்ணு சொல்லோணுங்க, வேதியியல் ஒண்ணு சொல்லோணுங்க. ரெண்டும் ஒரே பேச்சுப் பேசுனாத்தான் பேரு" என்பார் சார்.

சுத்தம் செய்வதுதான் இதில் உயிரை எடுக்கிற வேலை. வேறு பாசியோ பட்டைத் துணுக்கோ துளி கலந்தாலும் தகடு பொய் சொல்லும். நான் இடுக்கியால் பொறுக்குவேன். இடுக்கி பட்டால் இலை நசுங்குகிறது என்று சார் விரல் நுனியாலேயே பிரிப்பார். கையுறை போட்டால் இலை விரலுக்குத் தெரியாது என்பார்.

உடுமலைக்குத் தெற்கே மலைமேல் ஒரு காப்பித் தோட்டம். அதன் ஓரத்தில் ஓடை. ஓடைக்கரையில் பழைய காட்டு மரங்களை நிழலுக்காக விட்டுவைத்திருந்தார்கள். அதில் ஒரு பெரிய மரத்தின் அடிமரத்தில் செம்பழுப்பு நிறத்தில், கோலம் போட்டதுபோல் ஃப்ருலேனியா படர்ந்திருந்தது. ஃப்ருலேனியா என்பது ஈரல்பாசியில் ஒரு பேரினம். இலையின் கீழ்மடல் சின்னத் தொப்பி மாதிரி இருக்கும்; மழைத் தண்ணீரை அதில் பிடித்துவைத்துக்கொள்ளும். நாங்கள் கண்டது அந்த மலையில் எல்லா மரத்திலும் இருக்கிற சாதாரணச் சிற்றினம் என்றுதான் நினைத்தோம். எண்ணெய்த் துளி, இலை, தொப்பி எல்லாம் அதேதான்.

தகட்டில்தான் வித்தியாசம் வந்தது. சாதாரணச் செடியில் எப்போதும் வரும் புள்ளிகளுக்கு நடுவில், தகட்டின் பாதி உயரத்தில், ஓர் ஊதாப் புள்ளி. மறுபடி சுத்தம் செய்து மறுபடி ஓட்டினோம். மறுபடியும் வந்தது. சார் தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"புதுசுங்களா சார்?" என்றேன்.

"இருக்கலாமுங்க."

அதற்குப் பிறகு அந்த மரத்துச் செடியை நிறையக் கொண்டுவந்தோம். சார் நாள்கணக்கில் அதைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான் அவர் விரல் இடுக்குகளில் அரிப்பு ஆரம்பித்தது. பிறகு சிவந்தது, கொப்புளித்தது, வெடித்து நீர் வடிந்தது. நானும் அதே செடியைத்தான் தொட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அலர்ஜிக்கு நியாயம் கிடையாது.

திருப்பூரில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். சாரின் மனைவி எஸ்தரக்காவும் வந்திருந்தார். பள்ளிக்கூட டீச்சர், நன்றாகச் சிரிக்கத் தெரிந்தவர். காத்திருந்தவர்களில் பாதிப்பேர் சாயப்பட்டறை ஆட்கள். நகக்கண்ணில் நீலம் ஏறிய ஒருவர் சாரின் கையைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி எந்த டையிங்ல இருக்கீய? எங்க பட்டறைலயும் ரெண்டு பேருக்கு இப்படித்தான் கெடக்கு" என்றார்.

"டையிங் இல்லீங்க. மரத்துல இருக்கற ஒரு சின்னச் செடிங்க."

அவர் நம்பவில்லை. டாக்டரும் நம்பவில்லை. "ஸ்டூடண்ட்ஸுக்கு ஸ்டெயின் போட்டுக் காட்டுவீங்கல்ல? அதா இருக்கும்" என்று களிம்பு எழுதிக்கொடுத்தார்.

சார் விடவில்லை. கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டு, இரண்டு செடியையும் தன் முதுகில் வைத்து ஒட்டிப் பார்க்கச் சொன்னார். இடப்பக்கம் சாதாரண ஃப்ருலேனியா, வலப்பக்கம் ஓடைக்கரை மரத்துடையது. ஒட்டியதை எடுக்கிற அன்று நானும் போயிருந்தேன். அங்கிருந்த அம்மா டாக்டர் முதுகைப் பார்த்துவிட்டு, "ரொம்ப மோசமா ரியாக்ட் ஆகியிருக்கு சார்" என்று வருத்தமாகச் சொன்னார்.

"எந்தப் பக்கமுங்க?" என்றார் சார்.

"வலது."

"எடதுங்க?"

"ஒண்ணுமே இல்லை. சுத்தமா இருக்கு."

குப்புறப் படுத்திருந்த சார் தலையைத் திருப்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். பரிசு வாங்கிய பிள்ளையின் சிரிப்பு அது. எஸ்தரக்கா அவர் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார்.

ஃப்ருலேனியாவில் சில வகைகளில் லாக்டோன் என்ற பொருள் உண்டு. சிலர் தோலுக்கு அது ஆகாது. ஒருமுறை உடம்பு அதைப் பகையாக நினைத்துவிட்டால் சாகிறவரை மறக்காது. அந்த டாக்டர் இதை விளக்கிச் சொல்லி, இனி இந்தச் செடியைக் கிட்டவே விடக்கூடாது என்றார். சார் தலையாட்டினார். அடுத்த வாரம் உறை போட்டுக்கொண்டு லேபில் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஊதாப் புள்ளி லாக்டோன்தான் என்று வெளி ஆய்வகம் ஒன்றிலிருந்து பதில் வந்தது. புதுச் சிற்றினம் என்று சார் கட்டுரை எழுத ஆரம்பித்தார். எனக்கு மனசு ஒப்பவில்லை. உருவத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. தொப்பி கொஞ்சம் குறுகல் என்று எழுதியிருந்தார். அளந்து பார்த்தால் சாதாரணச் செடியிலும் அவ்வளவு குறுகல் உண்டு. பெரியாந்த் என்று ஓர் உறை உண்டு. கருவுற்ற செடியில் மட்டும் வரும். வித்தியாசம் இருந்தால் அதில் பளிச்சென்று தெரியும். அந்த மரத்தில் நாங்கள் அதைப் பார்த்ததேயில்லை. ஒரு மழைக்காலம் பொறுத்திருந்து தேடலாம் என்று நினைத்தேன். அவரிடமே சொன்னேன்.

"சார், ரெண்டும் ஒரே பேச்சுப் பேசுனாத்தான் பேருன்னு நீங்கதானுங்க சொல்லுவீங்க. இதுல வேதியியல் மட்டுந்தானுங்களே பேசுது."

அவர் கையுறையைக் கழற்றினார். இரண்டு கையையும் மேஜைமேல், என் முன்னால் வைத்தார். தோல் உரிந்து, விரல் மடிப்பெல்லாம் பிளந்து, சிவப்பாகத் தெரிந்தது.

"இதப் பாரு" என்றார். "பாத்துட்டுச் சொல்லு, ரெண்டும் ஒண்ணா?"

அவர் என்னிடம் 'ங்க' இல்லாமல் பேசியது அந்த ஒரு தடவைதான். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். நான் சொன்னது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கைகளுக்கு எதிரே அதை இன்னொரு தடவை சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

கட்டுரை திரும்பி வந்தது. ஒரே சிற்றினத்துக்குள் இரண்டு ரசாயன வடிவம் இருக்கக்கூடாதா, பெரியாந்த் எங்கே, டி.என்.ஏ. ஆதாரம் எங்கே என்று கேட்டிருந்தார்கள். நான் கேட்டதையே யாரோ முகம் தெரியாதவர்கள் கேட்டிருந்தார்கள். சார் படித்துவிட்டு மடித்துவைத்தார். "நியாயமான கேள்விதானுங்க. மழை முடியட்டுங்க, போலாம்" என்றார்.

மழை முடிந்து போனோம். ஓடை இருந்தது. மரங்கள் இல்லை. கரை நெடுக வெட்டி, வரிசையாக சில்வர் ஓக் கன்று நட்டிருந்தார்கள். தோட்டத்து மேஸ்திரி நல்ல மனுசர், எங்களைத் தெரிந்தவர். "மொளகுக் கொடி ஏத்தறதுக்கு இதுதானுங்க தோது. அந்தப் பழைய மரமெல்லாம் லாரி ஏத்தி அனுப்பிச்சுட்டமுங்க. உங்களுக்கு வேணும்னு தெரிஞ்சிருந்தா ஒரு மரத்த உட்டு வெச்சிருப்பனுங்களே" என்றார். அவர் அப்படிச் சொன்னது உண்மை என்றே நினைக்கிறேன். எங்களுக்கும் சொல்லிவைக்கத் தோன்றவில்லை. அவ்வளவு பெரிய மரத்தை யார் என்ன செய்யப்போகிறார்கள் என்று இருந்துவிட்டோம்.

மரம் அறுத்த இடத்தில் பட்டை குவிந்து கிடந்தது. பாதி எரிந்து கரியாகியிருந்தது. சார் அதில் முழங்கால் போட்டுத் தேட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் உறையைக் கழற்றி எறிந்துவிட்டார். நான் அவர் தோளைப் பிடித்து எழுப்பப் பார்த்தேன். "அடிப்பக்கம் ஈரம் இருக்குதுங்க அம்மிணி. ஒரு துணுக்கு உசிரோட இருந்தாப் போதுமுங்க" என்றார். இருந்ததெல்லாம் பொடியாக உதிர்ந்தது.

அதற்கடுத்த சில வருடங்கள் அந்த ஓடையின் மேலும் கீழும், பக்கத்துப் பள்ளங்களிலும் தேடினோம். ஃப்ருலேனியா எங்கும் இருந்தது, சாதாரணமானது. லேபுக்குக் கொண்டுவந்து தகடு ஓட்டும்வரை பொறுக்காமல் சார் ஒரு காரியம் செய்தார். கண்ட செடியைக் கிள்ளித் தன் முழங்கையின் உட்பக்கம் தேய்த்துக்கொள்வார். கொப்புளித்தால் நாங்கள் தேடுகிற செடி அதுதான். அன்றைக்கு எங்கே எதைத் தேய்த்தார் என்று தோலில் பேனாவால் அடையாளம் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவார். மறுநாள் காலையில் கல்லூரிக்கு வந்ததும் சட்டைக் கையை மடித்துக் காட்டுவார். ஒன்றும் இருக்காது. கொப்புளம் வரவில்லையே என்று முகம் வாடிப்போகிற மனிதரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

எஸ்தரக்கா ஒருநாள் கல்லூரிக்கே வந்தார். "கண்ணு, நீயாவது சொல்லு. சோறு பெசைய முடியலைன்னு நாந்தான் ஊட்டியுடறேன். இன்னும் எதத் தேடி அந்த மலைக்குப் போறாரு? அந்தச் செடி போயே போச்சுன்னு நீ சொன்னா நம்புவாரு."

சொன்னேன். "இருக்கலாமுங்க" என்றார் சார்.

அவர் ஓய்வு பெற்றபின் கை ஆறும் என்று நாங்கள் நினைத்தோம். நேர்மாறாக ஆனது. அந்த லாக்டோனுக்கு ஒட்டுறவான பொருள்கள் பார்த்தீனியத்தில் உண்டு. நம் பக்கம் பார்த்தீனியம் இல்லாத வயல் ஏது? சேவூரில் அவர் பூமி மழை பெய்தால் பார்த்தீனியத்தில் வெளுத்துக் கிடக்கும். காற்றில் வருகிற பூந்தாதும் தூசியுமே போதும். முகம், கழுத்து, கண்ணிமை எல்லாம் வீங்கிவிடும். டவுனில் குடியிருந்து பார்த்தார்கள். காலிமனைகளில் அங்கேயும் அதுதான். திரும்ப சேவூர் வீட்டுக்கே வந்து, ஜன்னலுக்கெல்லாம் ஈரத்துணி கட்டி உள்ளேயே இருக்கத் தொடங்கினார். தம்பி கம்பெனியிலிருந்து பனியன் துணியில் கையுறை தைத்து நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். வாழ்நாளெல்லாம் செடி பார்த்தவருக்கு வாசல்படி தாண்ட முடியாது.

செவ்வந்திப் பூவும் பார்த்தீனியத்தோடு சேர்ந்த வகைதான்; அதுவும் அவருக்கு ஆகாது. எஸ்தரக்கா புற்றுநோயில் இறந்தபோது சொந்தக்காரர்களும் பள்ளிக்கூடத்தாரும் கொண்டுவந்த மலர்வளையம் அத்தனையும் செவ்வந்தி. பெட்டியைச் சுற்றி மஞ்சளாகக் குவிந்து கிடந்தது. கிட்டே வராதீர்கள் என்று எல்லோரும் சொன்னோம். சார் கூடத்தின் மறுகோடியில் நின்றிருந்தார். பெட்டியை மூடப்போகிறார்கள் என்றதும் நேரே நடந்துவந்து, பூவை விலக்கக்கூட இல்லாமல், குனிந்து எஸ்தரக்காவின் நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டார். யாரும் இழுக்கவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு அவரால் வர முடியவில்லை. அதற்குள் கண் இரண்டும் மூடிவிட்டது. அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம்.

எங்கள் துறையைப் பற்றியும் சொல்லவேண்டும். சேர ஆளில்லை என்று தாவரவியலை மூடினார்கள். காய்ந்த செடிகளை அடுக்கிவைத்திருந்த ஹெர்பேரியம் அறை ஃபேஷன் டிசைன் பாடத்துக்குப் போனது. அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளைகளுக்கு வெளியே நடந்தால் வேலை இருக்கிறது. அலமாரிகளை எங்காவது எடுத்துக்கொள்வார்களா என்று பல இடத்துக்கு எழுதினேன். ஒருவரும் முன்வரவில்லை. பெரும்பாலானவற்றைப் பூச்சி தின்றது. முதல்வரிடம் அனுமதி கேட்டு, ஓடைக்கரை மரத்துச் செடி இருந்த காகிதப் பொட்டலங்களை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்தேன். கடைசித் தொகுதி மாணவர்கள் போனதும் நானும் ஓய்வு பெற்றேன். இப்போது வீரபாண்டியில் தம்பி கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் இருக்கிறேன்.

நிவேதா என் முனைவர் பட்ட ஆய்வேட்டை எங்கோ படித்துவிட்டு என்னைத் தேடிப் பிடித்தாள். பழைய காய்ந்த செடியிலிருந்துகூட இப்போது டி.என்.ஏ. எடுக்க முடியும் என்றாள். சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் உறை போட்ட கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சமா அனுப்புங்க அம்மிணி. பத்தலீன்னா மறுபடி கொஞ்சம்" என்றார். அப்படியே அனுப்பினேன். சாதாரணச் செடியும் அனுப்பினேன். அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம், "வந்துருச்சுங்களா?" என்பதுதான் அவருடைய முதல் பேச்சு.

சென்ற மாதம் நிவேதா கூப்பிட்டாள். கம்பெனியில் டீ நேரம். பீகார்ப் பையன்கள் வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சரியாகக் கேட்கவில்லை என்று வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

"மேடம், ரெண்டும் ஒண்ணுதான். மறுபடி மறுபடி பாத்துட்டோம். ஓடைக்கரைச் செடி, மத்த மரத்துச் செடிக்கு நடுவுலயே போய் உக்காந்துக்குது. தனி இனம் இல்ல."

"பொட்டலம் மாறியிருக்குமா? வேற எதாவது கலந்திருக்குமா?"

"இல்ல மேடம். அதே பொட்டலத்துத் துணுக்குல உங்க லாக்டோனும் இருக்கு. நாங்க அதையும் பாத்தோம்."

நான் நினைத்தது சரி என்று ஆனது. அதில் எனக்கு ஒரு துளி சந்தோஷமும் வரவில்லை. சாரிடம் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். எனக்குக் கற்பித்தவருக்கு அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. அவிநாசி போய், பஸ் மாறி, சேவூரில் இறங்கினேன். மத்தியானம். ஈரத்துணி கட்டிய கூடம் இருட்டாக இருந்தது. சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சுங்க சார்."

"சொல்லுங்க அம்மிணி."

"ரெண்டும் ஒண்ணுதானுங்க சார்."

அவர் வைவா தேர்வில் கேட்பதுபோல் வரிசையாகக் கேட்டார். எந்தப் பொட்டலம், எந்தெந்த மரபணு, எத்தனை செடியோடு ஒப்பிட்டார்கள், கலப்படம் இல்லை என்று எப்படித் தெரியும். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.

"அப்ப அன்னைக்கு அச்சாயிருந்தாத் தப்பாயிருக்குமுங்க."

"ஆமாங்க சார்."

"நீங்க சொன்னது சரிங்க."

நான் மடியிலிருந்த பையைக் கீழே வைத்தேன்.

"அப்பறம் ஏனுங்க அந்த மரத்துல இருந்தது மட்டும் என்ற கையைச் சுட்டுது? மரத்தோட கொணமுங்களா, மண்ணுங்களா, இல்ல செடிக்குள்ளயே ஏதாச்சுமா?"

"அதப் பாக்கோணும்னா உசுரோட செடி வேணுமுங்களே சார். வேற எங்கயுமே கெடைக்கலீங்களே."

"ஆமாங்க. பாக்க முடியாதுங்க."

தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரை மடியிலேயே வைத்துக்கொண்டார். நான் கிளம்பலாம் என்று பையை எடுத்தபோது பேசினார்.

"கட்டுரையில பேரு எழுதற எடத்த நான் காலியா உட்டிருந்தனுங்களே, நெனப்பிருக்குதுங்களா? எஸ்தரோட பேருதானுங்க வெக்கறதா இருந்தேன். உங்ககிட்டக்கூடச் சொல்லலீங்க."

"சொல்லலீங்க சார்."

"அவளுக்கு முடியாமப் போச்சில்லீங்க, அந்தக் கடைசி வாரத்துல அவகிட்டச் சொல்லிட்டனுங்க. பேரு வெச்சாச்சு, உன்ற பேருதான், அச்சாயிருச்சுன்னு." அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "சிரிச்சாளுங்க. இத்தன வருசப் புண்ணுக்கு இதாச்சும் மிஞ்சுச்சேன்னு சொன்னா. ஊசி போட வந்த நர்ஸம்மாகிட்டக் கூடச் சொன்னா, மலைமேல என்ற பேர்ல ஒரு செடி இருக்குதும்மான்னு. இன்னைக்கு இல்லாட்டியும் என்னைக்காச்சும் நெசமாயிருமுன்னு நெனச்சுத்தானுங்க சொன்னேன்."

பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இனிப் போயி அவகிட்ட என்னன்னு சொல்றதுங்க அம்மிணி?"

அவர் கேட்டது என்னிடம் என்று எனக்குத் தோன்றவில்லை. போய்வருகிறேன் என்று சொல்லி வெளிக்கதவைத் திறந்தேன். வெயிலில் கண் கூசியது. வேலி ஓரம் நெடுகப் பார்த்தீனியம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது.

"சட்டுனு சாத்திருங்க அம்மிணி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "காத்து வருதுங்க."

சாத்தினேன்.